லோயர் ஆர்ம் புஷ்

கட்டைவிரல் தடிமனில் ஒரு ரப்பர்.
அது செத்துப்போனால்
இரும்பு இரும்போடு நேரடியாகப் பேசும்.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் பேசியது.
ஏர்போர்ட் கார்கோவில் ராப்பணி முடிந்து
நாலு இருபதுக்கு நான் திரும்புகையில்
தெருமுனை வேகத்தடையில்
இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று:
டொக். டொக்.

ஆர்மையே மாற்றணும் என்றான் மெக்கானிக்,
ஆறாயிரத்து எண்ணூறு.
ஜே.சி. ரோட்டில் புஷ் மட்டும் நாலு, ஐந்நூற்று அறுபது.
"யாரும்மா மாட்டுவாங்க?"
பெயரைச் சொன்னேன்.
மெக்கானிக் என்ற கட்டத்தில்
ஜெசிந்தா என்று எழுதிக்கொண்டார் கடைக்காரர்.

சனி இரவு போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய்.
புஷ் நாலும் ஃப்ரீஸரில், நெத்திலிப் பொட்டலத்தின் பக்கத்தில்;
குளிரில் அதன் இரும்பு உறை
ஒரு மயிரிழை சுருங்குமாம்.
அந்த மயிரிழைதான் எனக்கு வேண்டும்.

பார்க்கிங் தூணில் எழுதியிருக்கிறது:
இங்கே வண்டி பழுதுபார்க்கக் கூடாது.
எழுதியவர் சங்கச் செயலாளர் ரெமிஜியுஸ்.
ஞாயிற்றுப் பூசைக்குப் போனால்
இரண்டரை மணி நேரம் வரமாட்டார்.

ஜாக்கியை நான் நம்புவதில்லை.
கடன் வாங்கிய ஸ்டாண்டு இரண்டு,
அதற்கும் மேலாக, கழற்றிய சக்கரத்தை
வண்டியின் வயிற்றடியில் தள்ளிவிட்டுத்தான் படுத்தேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பானரின் வாலில்
தண்ணிக்குழாய்த் துண்டைச் செருகி
காலால் மிதித்தேன்.
பட்டென்றது.
முறிந்தது போல்ட்டா என் பாதமா என்று பார்த்தால்
துருதான் விட்டுக்கொடுத்திருக்கிறது.

பழைய ரப்பர் விரல் பட்டதும்
காய்ந்த அத்திப்பழம்போல் பிளந்தது.
இந்த இடத்தில் எல்லாரும் முழங்காலைச் சொல்வார்கள்.
நான் சொல்லப்போவதில்லை.

ஒட்டிக்கொண்ட உறையை ஹேக்சா பிளேடால் அறுத்தேன்,
முத்து சிதறாமல் மாதுளை ஓட்டைக் கீறும் கையோடு.
பிறகு சோப்புத் தண்ணீர், நீண்ட போல்ட்,
ஒருபுறம் பெரிய சாக்கெட், மறுபுறம் குழாய்;
நட்டைத் திருகத் திருக
புதுசு உள்ளே போனது, நூல் நூலாக.
முதலாவது கோணலாகப் போய்விட்டது.
பிடுங்கி, திட்டி, மறுபடி.
அதற்குள் பூசை முடிந்துவிட்டது.

பளபளக்கும் கறுப்பு ஷூ இரண்டு
என் தலைமாட்டில் வந்து நின்றன.
"அண்ணா, சட்டத்த அப்புறம் பேசலாம்.
டார்ச்ச கொஞ்சம் புடிங்க."
பிடித்தார்.
கடைசிவரை தப்பான போல்ட்டுக்கே
வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

தொங்கும் நிலையில் இறுக்கிவிடக் கூடாது.
வண்டி தன் எடையைத் தன் காலில்
தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.
இல்லையேல் புது ரப்பர்
முதல் நாளே முறுக்கிக்கொண்டு கிடந்து
ஒரே மழைக்காலத்தில் கிழியும்.
ஆனால் சக்கரம் தரையில் இருந்தால்
என் கை உள்ளே போகாது.
சக்கரத்துக்கு அடியில் வைக்க ஏதாவது வேண்டும் என்றேன்.
ரெமிஜியுஸ் ஸ்டோர் ரூமுக்குப் போய்
இரண்டு பலகை தூக்கி வந்தார்:
துப்பாதீர்கள். பூப்பறிக்காதீர்கள்.
சான்ட்ரோ இரண்டின்மேலும் ஏறி நின்றது.

மறுநாள் அதிகாலை நாலு இருபது. வேகத்தடை.
ஒன்றும் இல்லை.
ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஏற்றினேன்.
மூன்றாம் தடவை, சும்மா ஆசைக்கு.

ஏழரைக்குப் பால் வாங்க இறங்கினால்
பூத் சாத்தியிருக்கிறது,
வெறும் பையோடு பதினைந்து பேர்.
இரண்டாம் மாடி முனிராஜு
சட்டையைப் பொத்தானிட்டபடி ஓடிவந்தான்,
தலையெல்லாம் தூக்கம்.
ஷட்டரைத் தூக்கியவன் என்னைக் கண்டதும் கேட்டான்:
"அக்கா, ராத்திரி டூட்டி இல்லியா?
வண்டி சத்தமே கேக்கலியே."

நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
நீல பாக்கெட் இரண்டு என்றேன்.